சாரத்துளைகள்

பேட்டையில் நாங்கள் இடிக்கப்போகும்
பருத்திக் கிட்டங்கியின் மேற்குச் சுவரில்
எண்பத்தைந்து துளைகள்.
ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினேழு.
கைமுட்டி நுழையும். ஒன்றில் மைனா இருக்கிறது.

டேப் பிடித்து அளந்தேன்.
தரையிலிருந்து நாலே முக்கால் அடி,
அங்கிருந்து மறுபடி நாலே முக்கால்.
கொத்தனாரின் கையெட்டும் உயரம் முடிந்ததும்
கட்டிய சுவரிலேயே கம்பு செருகி
அதன்மேல் நின்று
அடுத்த ஆளுயரத்தைக் கட்டியிருக்கிறார்கள்.
பின்னால் வெள்ளையடிக்க வேண்டிவரும் என்று
அடைக்காமலே விட்டிருக்கிறார்கள்.

வாசல் நிலைக்கு மேலே கல்லில்
கொல்லம் 1071, ஆவணி மாதம்,
பணம் போட்டவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர்.
மேலே நின்றவர்களுக்குத் துளை.

அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்.
செக்கில் சுண்ணாம்பு அரைபட்டிருக்கும்.
கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி.
கண்ணில் தெறித்தால் நல்லெண்ணெய் விட்டிருப்பார்கள்.
அஸ்திவாரத்துக்கு ஒரு சேவல்.
ஏறியவர்களுக்குத் தென்னங்கயிறு,
பிறகு கால் பெருவிரல்.

இடையில் சிமெண்ட் வந்தது, கம்பி வந்தது.
என் அப்பா சென்ட்ரிங்.
தளம் இறுகுமுன் முட்டுப் பிரிக்கச் சொன்னார்கள்,
வள்ளியூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில்.
இடது கால் இரண்டங்குலம் குட்டை.
அவரை எழுதிவைக்க
அந்த சைட்டில் ஒரு நோட்டுகூட இல்லை.

கிட்டங்கியை ஒட்டிய மனையில் எங்கள் கட்டடம்.
மூன்றாம் தளத்தில் பூச்சு.
பதினான்கு பேருக்கு ஆறு ஹெல்மெட்.
இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மட்டும் பதினான்கு.
முப்பிடாதியிடம் ஒன்றை நீட்டினேன்.
"எக்கா, இத மாட்டிக்கிட்டா
சும்மாட்ட எங்கன வைக்க? சட்டிய எங்கன வைக்க?"
வழுக்கும் அந்த மஞ்சள் உருண்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
டிப்ளமாவில் இந்தக் கேள்வி வரவில்லை.
இதைச் செய்தவன்
எதையும் சுமக்காத ஒரு தலையைத்தான்
அளந்திருக்கிறான்.

ஆனிச் சாரல் அன்றைக்குப் பேட்டை வரை வந்தது.
சவுக்குக் கம்பு நனைந்தது. கயிறு ஊறி
பலகை ஒரு விரக்கடை நழுவியதை
கீழிருந்து யாரும் பார்க்கவில்லை.
பலவேசம் விழுந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.
மணல் குவியல் இருந்தது, அதனால் உயிர் இருந்தது.
ஹைகிரவுண்டில் எக்ஸ்ரேக்குத் தள்ளிப்போகுமுன்
என் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டார்:
"இன்னைக்கு அரை நாளா, முழு நாளா?"

விபத்துப் பதிவேட்டில் நாலாவது கட்டம், காரணம்.
ஜெயசீலன் காண்ட்ராக்டர்
பேனா மூடியைக் கழற்றித் தந்தார்.
"கவனக்குறைவுன்னு போடும்மா.
எல்லா சைட்லயும் அதான் போடுதாவ."
பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஆமாம்.
ஏழு பேர். ஒரே சொல்.

நான் கயிறு என்று எழுதினேன்.
எத்தனை சைட் பார்த்த கயிறு,
எந்த முடிச்சில் நார் விட்டிருந்தது என்பதும்.
கட்டம் போதாமல் எழுத்து விளிம்பில் ஏறிற்று.

மறுநாள் மூன்றாம் தளத்தில்
திருஷ்டிப் பொம்மை பல்லிளித்துக்கொண்டிருந்தது.
மீசை, கால்சட்டை, வைக்கோல் வயிறு.
அதைத் தூணோடு சேர்த்திருந்தது
புது நைலான். நீலம். நாலு சுற்று, இரட்டை முடிச்சு.
அந்தக் கட்டடத்தில்
விழ வாய்ப்பே இல்லாத ஆள் அது ஒன்றுதான்.

அவிழ்த்தேன்.
சிமெண்ட் மூட்டைமேல் குப்புறப் போட்டேன்.
"கட்டடத்துக்குக் கண்ணு பட்டுரும்" என்று
கீழிருந்து சத்தம் வந்தது.
முப்பிடாதி சட்டியை இறக்கிவிட்டு
கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள்.
கம்போடு பலகையை இறுக்கினோம்.

பன்னிரண்டடிக் கயிறு.
ஒரு பலகைக்குச் சரியாக இருந்தது.
இன்னும் பதினொன்று.